பதுளைக்கு ஏறிவந்த மதர்போட்

பதுளையில் இடிக்கு இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று மார்ச், ஏப்ரல். மற்றது ஒக்டோபர், நவம்பர். பருவமழைகள் இரண்டுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் காலை முழுக்க வெயில் கொளுத்தும். மூன்று மணிக்குமேல் நமுனுகுல மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் பசறை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களில் டிவி வயரைக் கழற்றிவைப்பது பழக்கம். கேம் விளையாடும் பிள்ளை இருக்கிற வீட்டில் கணினியின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்குவார்கள். மறந்துபோன வீடுகளில் இருந்துதான் அடுத்த நாள் பதுளை டவுனுக்குக் கேசிங்குகள் வருகின்றன, பஸ்ஸில் மடியில் வைத்தபடி, சில சமயம் அரிசி உரச்சாக்கில் சுற்றியபடி.

கடைக்காரர் எந்த மதர்போட் வேண்டும் என்று கேட்பதில்லை. "புரொசசர் என்ன தம்பி? ரெம் டிடிஆர் எத்தனை?" என்றுதான் கேட்பார். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் தெரிவு கிட்டத்தட்ட முடிந்துவிடும். கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தனக்குப் பிடித்த மதர்போட்டை வாங்கி, அதற்கு ஏற்றபடி மற்றதை அடுக்கலாம். பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துத் தோட்டப் பையனுக்கு அந்த வரிசை தலைகீழ். கையில் எஞ்சியிருக்கும் புரொசசரும் ரெம்மும்தான் அவனுக்கான மதர்போட்டைத் தேர்ந்தெடுக்கின்றன. அவை இரண்டும் எந்தத் துளைக்குப் பொருந்தும் என்பதை அமெரிக்காவிலும் தாய்வானிலும் சில கம்பனிகள் தீர்மானித்திருக்கின்றன. நாற்பது ஆண்டுகளுக்குமேல் நீளும் அந்தத் தீர்மானங்களின் விலையை மலைநாடும் கட்டிவந்திருக்கிறது.

கதை 1981 ஓகஸ்ட் 12 அன்று தொடங்குகிறது. புளோரிடாவின் போக்கா ரட்டோனில் ஐபிஎம்மின் சிறு குழு ஒன்று செய்த கணினி அன்று அறிவிக்கப்பட்டது. இன்டெல்லின் 8088 புரொசசர், 4.77 மெகாஹேர்ட்ஸ் வேகம், உள்ளே மதர்போட் எனும் அகலமான ஒரு பலகை, அதில் கூடுதல் அட்டை செருக ஐந்து துளைகள். ஐபிஎம் வழக்கத்துக்கு மாறாக அவசரப்பட்டது. பாகங்களை வெளியாரிடம் வாங்கிப் பொருத்தியது. போதாக்குறைக்கு அந்தப் பலகையின் மின்சுற்று வரைபடங்களையும் கணினியை விழிக்கச் செய்யும் பயோஸ் நிரலின் வரிகளையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. பயோஸை அப்படியே பிரதி எடுத்தால்தான் வழக்கு. வரைபடத்தைப் பார்த்து அதுபோல் ஒன்று செய்வதைத் தடுக்க வழியில்லை. கொம்பாக் கம்பனி பயோஸைப் புதிதாக எழுதிச் செய்த கணினி 1983இல் கடைக்கு வந்தது. 1984 முதல் ஃபீனிக்ஸ் கம்பனியிடம் யாரும் காசு கொடுத்து ஒத்தியங்கும் பயோஸ் வாங்கலாம் என்றாயிற்று. அங்கேதான் தாய்வானுக்குக் கதவு திறந்தது. கிகாபைட், எம்எஸ்ஐ, பயோஸ்டார் மூன்றும் 1986இல் தொடங்கியவை, அசுஸ் 1989. இன்று பதுளைக் கடையின் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் பெயர்கள் இவைதான்.

அந்த ஆண்டுகளில் ஊவாவில் கணினியைப் பற்றிப் பேச ஆளில்லை. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, அரச அமைப்புகளான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்திக்கொண்டிருந்தன. தொழிலாளர் வசித்த பல லயன் காம்பராக்களில் இரவு வெளிச்சம் என்றால் குப்பி விளக்குதான். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். பதுளை டவுனின் வர்த்தகத்துக்கு வந்தது வேறொரு இடி. 1983 ஜூலை 27 அன்று பதுளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அன்றும் மறுநாளும் அது ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை வரை பரவியது. தமிழ் வணிகம் ஒரு தலைமுறை பின்னால் தள்ளப்பட்ட நகரத்தில் புதிய தொழில் ஒன்று வேர்விட ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்பவர்கள் இந்தத் தேதியைத் தாண்டிப் போகக்கூடாது.

தொண்ணூறுகளில் கணினி கொழும்பில் வீட்டுப்பொருள் ஆகத் தொடங்கியது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. காலப்போக்கில் தொழிலாளர் வேலைநாள் பதிவான செக்ரோலும் பேரேடும் கணினிக்கு ஏறின. பெயர்போன கம்பனியின் முழுக் கணினி வாங்க முடியாதவர்களுக்கு 'அசெம்பிள்' இருந்தது. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது. பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் நிற்கும் யூனிட்டி பிளாசா அந்தத் தொழிலின் தலைவாசலாக வளர்ந்தது. பதுளைக்காரர் அங்கே போக இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியும்போது கோட்டையில் இறங்கலாம். கொழும்பில் இருந்து பதுளை ரயில் நிலையம் 292 கிலோமீட்டர். மலை ரயில் பாதையின் கடைசி நிலையம் அது. 1924 ஏப்ரலில் அது திறக்கப்படும்வரை பதுளைக்கு வரும் சாமான்கள் கடைசித் தூரத்தை வண்டிப் பாதையில்தான் கடந்தன. தேயிலை பெக்டரிகளுக்கான இயந்திரங்களும் அப்படித்தான் வந்தன.

இந்த இடத்தில் பெக்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்பாஸ்ட்டில் டேவிட்சன் கம்பனி செய்த 'சிரோக்கோ' அடுப்புகளும், கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி வார்த்த ஜாக்சன் ரோலர்களும் ஊவா மலைக்கு ஏறிய காலத்தில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரு நீர்ச் சுழலியோ எஞ்சினோ கூரைக்குக் கீழே ஓடும் நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல் பட்டிகள் இறங்கி எல்லா இயந்திரங்களையும் ஓட்டும். புதிய ரோலர் வாங்கும் தோட்டத் துரை முதலில் பார்க்க வேண்டியது ரோலரின் திறமையை இல்லை. ஏற்கெனவே இருக்கும் தண்டின் வேகத்துக்கும் கப்பியின் விட்டத்துக்கும் அது ஒத்துவருமா என்பதைத்தான். மதர்போட் மாற்றுபவருக்கும் அதே சங்கடம்தான், அளவு மட்டும் சிறியது.

அசெம்பிள் காலத்தின் முதல் கணினிகளில் இருந்தவை 'ஏடி' வகைப் பலகைகள். 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பீசி ஏடியின் அளவைச் சுருக்கி வந்தவை. அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பு இரண்டு துண்டாக இருந்தது. இரண்டும் ஆறாறு வயர். மாற்றிச் செருகவும் முடியும். மாற்றிச் செருகினால் பலகை அந்த நொடியிலேயே போய்விடும். கறுப்பு வயர்கள் நான்கும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும் என்பதுதான் அன்றைய தொழில் பழகுநர் மனப்பாடம் செய்த முதல் பாடம். 1995 ஜூலையில் இன்டெல் 'ஏடிஎக்ஸ்' என்ற அளவுமுறையை வெளியிட்டபோது இந்த ஆபத்து ஒழிந்தது. ஒரே இணைப்பு, ஒரே திசை. பலகை 305க்கு 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகளின் இடம், பின்பக்கத் துறைகளின் இடம் எல்லாம் வரையறுக்கப்பட்டன. 1997 கடைசியில் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. அந்தக் காலத்தில் வாங்கிய ஏடிஎக்ஸ் கேசிங்கில் இன்றைய பலகையையும் பூட்டலாம் என்பது கணினித் தொழிலில் அபூர்வமான நேர்மை. 2004இல் இன்டெல்லே பிடிஎக்ஸ் என்று வேறொன்றைக் கொண்டுவந்து பார்த்தது. இரண்டே ஆண்டில் கைவிட்டது.

அளவு நிலைத்தது, துளை நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் 'சொக்கெட் 7' என்ற ஒரே துளையில் இன்டெல்லின் பென்டியமும் இருக்கும், ஏஎம்டியின் கே6உம் இருக்கும், சைரிக்ஸ் 6x86உம் இருக்கும். ஒருவர் பலகையை வைத்துக்கொண்டு புரொசசரின் கம்பனியை மாற்றலாம். ஏழை வாங்குபவருக்கு அதைவிட நல்ல காலம் பிறகு வரவில்லை. 1997 மே மாதம் பென்டியம் 2 வந்தபோது இன்டெல் அதை ஒரு தடித்த அட்டைப் பெட்டி போலச் செய்து 'ஸ்லொட் 1' என்ற நீண்ட துளையில் நிறுத்தியது; அந்தத் துளைக்குக் காப்புரிமையும் வைத்துக்கொண்டது. ஏஎம்டி சொக்கெட் 7ஐ இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு 1999இல் 'ஸ்லொட் ஏ' என்று தனிவழி போனது. அன்றிலிருந்து இன்டெல் பலகை வேறு, ஏஎம்டி பலகை வேறு. மதர்போட் செத்தால் புரொசசரும் சேர்ந்து மதிப்பிழக்கும் நிலை அப்போது பிறந்தது.

அதற்கடுத்த சில ஆண்டுகளில் பலகைகள் இடி இல்லாமலே செத்தன. 2002 அளவில் உலகம் முழுக்கத் திருத்துநர்கள் ஒரே காட்சியைக் காணத் தொடங்கினர். புரொசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறிய உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கும். சமதளமாக இருக்க வேண்டிய அலுமினிய மூடி குமிழ்போல் மேலெழும்பி, மேலே கீறியிருக்கும் சிலுவைக் கோடு விரிந்து, அதன்வழியே பழுப்பு நிறப் பசை கசிந்து காய்ந்திருக்கும். சிலவற்றில் அடிப்பக்கம் பிதுங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளேயிருந்த திரவம் சரியான சேர்மானம் இல்லாமல் செய்யப்பட்டதால் ஐதரசன் வாயு உண்டாகி மூடியைத் தள்ளியது. பல பெயர்போன பலகைகள் சிக்கின. அபிட் கம்பனி தன் பலகைகளில் பிழை இருப்பதை வெளிப்படையாக ஒத்துக்கொண்ட முதல் சில கம்பனிகளில் ஒன்று. டெல் கம்பனி தன் ஒப்டிபிளெக்ஸ் கணினிகளுக்காக 2005இல் 30 கோடி டொலரை ஒதுக்க வேண்டியிருந்தது.

இந்த நோய் திருத்துநர்களுக்கு ஒரு கைத்தொழிலைக் கொடுத்தது. ரேடியோவும் டிவியும் திருத்திப் பழகிய கைகளுக்கு மதர்போட்டில் தொட ஏற்ற பாகம் ஏதாவது இருந்தது என்றால் அது இந்தக் கெப்பாசிட்டர்தான். மற்றதெல்லாம் கண்ணுக்கே எட்டாத நுண்ணிய வேலை. பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்து ஈயத்தைச் சோல்டரிங் அயனால் உருக்கி, பழையதை ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். பல அடுக்குப் பலகை என்பதால் தரைக் கால் இருக்கும் பக்கம் சூட்டை விழுங்கிவிடும். அவசரப்பட்டு இழுத்தால் துளைக்குள் இருக்கும் செப்பு உறை கூடவே வந்துவிடும், பலகை அத்தோடு சரி. புதியதை வைக்கும்போது மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும், 6.3 வோல்ட் இடத்தில் 10 வோல்ட் வைக்கலாம், குறைத்து வைக்கக்கூடாது. புது மதர்போட்டின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கணினி மீண்டும் ஓடும். 2006க்குப் பிறகு திரவம் இல்லாத திண்மக் கெப்பாசிட்டர்களைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்தி விற்கத் தொடங்கினார்கள். அந்த விளம்பர வரி வெறும் பகட்டு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய தோல்வி இருந்தது.

அந்தக் காலத்துப் பதுளைக்கு 2005 முக்கியமான ஆண்டு. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அந்த ஆண்டு பதுளையில் தொடங்கியது. அரசாங்கத்தின் 'நெனசல' கணினி நிலையங்கள் கிராமங்களில் திறக்கப்பட்டதும் அதே ஆண்டு முதல்தான். ஆனால் பையன்களைக் கணினிக்கு இழுத்தது பாடத்திட்டம் இல்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் நெட் கஃபேயில் 'கவுண்டர் ஸ்ட்ரைக்', 'ஜிடிஏ வைஸ் சிட்டி', பின்னர் 'கோல் ஒஃப் டியூட்டி'. கொழும்பில் 2007இல் கேமர் டொட் எல்கே அமைப்பு தொடங்கிப் போட்டிகள் நடத்தப் புறப்பட்டபோது விளையாட்டும் ஒரு துறைதான் என்ற பேச்சு வந்தது. ஊரில் அது வீட்டுச் சண்டைக்குக் காரணமாக இருந்த காலம்.

அன்றைய வீட்டுக் கணினிகளில் ஆட்சி செய்தது எல்ஜிஏ 775. 2004இல் வந்தது, 2010 தாண்டியும் கடைகளில் கிடைத்தது. இன்டெல் அதில் ஒரு தந்திரம் செய்தது. அதுவரை புரொசசரில் இருந்த ஊசிக்கால்கள் இப்போது மதர்போட்டின் துளைக்குள் போய்விட்டன. புரொசசரில் வெறும் தட்டைப் புள்ளிகள் மட்டும். 775 மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரே சாய்வில் வரிசையாக நிற்கும். துணி நூல் பட்டாலே ஒன்றிரண்டு வளைந்துவிடும். வளைந்ததை ஊசி முனையால் நிமிர்த்துவது இன்றும் பொறுமையின் உச்சமான வேலை. உடைந்தால் நட்டம் புரொசசர்காரருக்கு இல்லை, மதர்போட்காரருக்கு. இரண்டாம் கைப் பலகை வாங்குபவர் டோர்ச் அடித்துச் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. இன்னும் போகவில்லை.

775இல் இன்னொரு பொறியும் இருந்தது. துளை ஒன்றானால் எல்லாம் பொருந்தும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். புரொசசரைப் பலகையின் மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்செட்டும் அதை ஏற்க வேண்டும். 2004இன் 915 சிப்செட் பலகையில் 2006இன் கோர் 2 டியோ உட்காரும், ஆனால் ஓடாது. ஜி31, ஜி41 சிப்செட் பலகைகள் வந்த பிறகுதான் மலிவான பலகையிலும் கோர் 2 குவாட் வரை ஏற்ற முடிந்தது. ஜி41இலும் இரண்டு வகை: ஒன்று டிடிஆர்2 ரெம், மற்றது டிடிஆர்3. வாசல் ஒன்று, உள்ளே வீடு வேறு. கடைக்காரர் ரெம்மைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு இதுதான் காரணம். ரெம் பட்டையின் நடுவெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். தெரியாமல் அழுத்தித் துளையை உடைத்தவர்களும் உண்டு.

அதன்பிறகு இன்டெல் துளை மாற்றுவதை ஒரு சடங்காகவே ஆக்கிக்கொண்டது. 2009இல் 1156, 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151. 2017இல் அதே 1151 துளையோடு எட்டாம் தலைமுறைப் புரொசசரை வெளியிட்டுவிட்டு, பழைய 100, 200 வரிசைப் பலகைகளில் அது ஓடாது என்றது. பிறகு 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851. இப்படி மாற்றுவதற்கு மின்வழங்கல் தேவை என்பது போன்ற தொழில்நுட்பக் காரணங்களைச் சொல்வார்கள். சிலவற்றில் உண்மையும் உண்டு. ஆனாலும் போட்டிக் கம்பனியான ஏஎம்டி ஒரே துளையை ஏழெட்டு ஆண்டு வைத்துக் காட்டியபோது அந்தக் காரணங்கள் மெலிந்துபோயின.

உள்நாட்டுப் போர் முடிந்த பிறகான ஆண்டுகளில் பதுளைக்கு வேறொரு வகைக் கணினி ஏறிவந்தது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி கணினிகள், துடைத்துப் புதுப்பித்து விற்கப்பட்டவை. இரண்டாம் மூன்றாம் தலைமுறை கோர் ஐ5 புரொசசரோடு, உறுதியான உடம்போடு வந்தன. ஒரு கிராபிக்ஸ் கார்ட் மட்டும் போட்டால் விளையாடலாம் என்று வாங்கியவர்கள் பலர். மதர்போட் போனபோதுதான் சிக்கல் புரிந்தது. இத்தகைய கம்பனிக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பு ஏடிஎக்ஸ் முறைப்படி இருக்காது. சுவிட்ச் வயர்களும் தனி ரகம். பின்பக்கத் தகடு கேசிங்கோடு ஒட்டிப் பிறந்தது. வேறு பலகை வைக்க வேண்டுமானால் கேசிங்கும் பவர் சப்ளையும் புதிதாக வாங்க வேண்டும். மலிவில் வாங்கிய கணினி ஒரு மதர்போட்டோடு முழுவதும் கைவிட்டுப் போகும்.

அந்த இடைவெளியைச் சீனா நிரப்பியது. 2011இன் எச்61 சிப்செட்டை வைத்து, இன்டெல் அதற்குரிய 1155 துளையைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழித்தும், புதிய பலகைகள் அங்கே செய்யப்பட்டு ஆசிய நாடுகள் எங்கும் விற்கப்பட்டன. 1155 புரொசசரும் டிடிஆர்3 ரெம்மும் கையில் இருப்பவருக்கு அது கண்கண்ட மருந்து. சர்வர்களில் இருந்து கழித்த சீயோன் புரொசசர்களுக்காக எக்ஸ்79, எக்ஸ்99 பலகைகளும் அதே வழியில் வந்தன. இவற்றின் குறையையும் சொல்ல வேண்டும். பயோஸ் புதுப்பிப்பு கிடைப்பது அரிது. புரொசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் சூடு தணிக்கும் அலுமினியம் பெரும்பாலும் பெயருக்குத்தான். ஆனால் கையில் உள்ளதைத் தூக்கி எறியச் சொல்லாத ஒரே பலகை இதுதான் என்றிருந்தபோது குறை கண்ணில் படுமா?

ஏஎம்டியின் ஏஎம்4 துளை 2017 மார்ச்சில் ரைசன் புரொசசரோடு கடைக்கு வந்தது. 2020 வரை இதே துளை என்று கம்பனி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைச் சோதித்தது மிகச் சிறிய ஒரு பொருள்: மதர்போட்டின் பயோஸ் இருக்கும் சிப். பல பழைய பலகைகளில் அதன் கொள்ளளவு 16 மெகாபைட். ஒவ்வொரு புதிய புரொசசருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வரிகள் சேரச் சேர இடம் தீர்ந்துபோனது. 2020 மே தொடக்கத்தில், அடுத்துவரும் ரைசன் 5000 வரிசை பி450, எக்ஸ்470 பலகைகளில் இயங்காது என்று ஏஎம்டி சொன்னது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். இரண்டு வாரத்துக்குள் கம்பனி பின்வாங்கியது. 2022இல் இன்னும் பழைய 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறந்தது. 2017இல் வாங்கிய பலகையில் 2022இன் புரொசசர்! சொக்கெட் 7க்குப் பிறகு எளியவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய சலுகை இதுதான். 2024இலும் ஏஎம்4க்குப் புதிய புரொசசர்கள் வந்தன.

அதிலும் மலைக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. பழைய பயோஸோடு வந்த பலகையில் புதிய புரொசசரைப் போட்டால் திரை விழிக்காது. பயோஸைப் புதுப்பிக்கப் பழைய புரொசசர் ஒன்று வேண்டும். அல்லது பலகையிலேயே யூஎஸ்பி குச்சியால் நேரே எழுதும் பொத்தான் இருக்க வேண்டும். கொழும்பில் பெரிய கடைகளில் இரவல் புரொசசர் இருக்கும். பதுளையில் அதைத் தேடி அலைய வேண்டும்.

இதே காலத்தில்தான் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுப் படிப்பு ஒன்லைனுக்குப் போனபோது, பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறி மரக்குடிலில் உட்கார்ந்து பாடம் கேட்ட செய்தி 2021இல் உலகச் செய்தியானது. 2022 மார்ச் 7 வரை ஒரு டொலர் 203 ரூபா அளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. பிடி விட்டபின் மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. 50 டொலர் பெறுமதியான சாதாரணப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரி, ஏற்றுக்கூலி, கடை இலாபம் எதுவும் சேர்க்காமல் 10,150 ரூபாவாக இருந்தது 18,000 ரூபாவானது. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகியிருந்தது. பத்து நாள் கொழுந்து பதினெட்டு நாள் கொழுந்தாயிற்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் கணத்தில்தான் மின்னழுத்தம் துள்ளும். அந்த ஆண்டு பழைய பவர் சப்ளைகள் பட்ட பாடு சொல்லி முடியாது. அந்தச் சமயத்தில் புதிதாக வாங்குவது என்ற சொல்லே வீடுகளில் ஒழிந்துபோனது. இருப்பதை ஓட்டுவது என்பதுதான் எஞ்சியது.

இடிக்குத் திரும்பினால், மின்னல் மதர்போட்டுக்குள் நுழைந்த வழிகள் இரண்டு. ஒன்று கரண்ட் வயர். பழைய லயன்களில் பின்னாளில் இழுத்த மின்னிணைப்புகளில் எர்த் சரியாக இருப்பதை எதிர்பார்க்க முடியாது. மூன்று முள் பிளக் இருக்கும், மூன்றாவது முள்ளுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. மற்றது தொலைபேசிக் கம்பி. ஏடிஎஸ்எல் இணைய காலத்தில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி வந்த செப்புக் கம்பி மின்னலை ரௌட்டருக்கும், ரௌட்டர் அதை லேன் வயர் வழியாக மதர்போட்டுக்கும் கொடுத்தது. அப்படி அடிபட்ட பலகைகளில் சில முழுதாகச் சாவதில்லை. லேன் சிப் மட்டும் கருகியிருக்கும். ஒரு மலிவு நெட்வேர்க் கார்ட் செருகினால் பழையபடி ஓடும். பலகை போய்விட்டது என்று கேட்டதும் புதியதை எடுத்து நீட்டாமல் முதலில் இதைச் சோதித்துப் பார்ப்பவர்தான் நல்ல திருத்துநர். ஒளியிழை இணைப்பும் கையடக்க சிக்னலும் வந்த வீடுகளில் இந்த இரண்டாம் வழி அடைபட்டுவிட்டது.

இன்று கடைக்கு வருபவர் எதை வாங்குவது? 2022 செப்டெம்பரில் வந்த ஏஎம்5 துளை 2027 தாண்டியும் நிற்கும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரெம் கட்டாயம். 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரெம் விலை கிடுகிடுவென்று ஏறியது. வீட்டுக் கணினிக்கான 'குருஷியல்' வியாபாரத்தை மூடப்போவதாக மைக்ரோன் கம்பனி அந்த டிசம்பரில் அறிவித்தது. மறுபக்கம், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள புரொசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே 1155 துளைக்கு இன்னொரு எச்61 வாங்குவது இனி விளையாட்டுக் கணினிக்கு வீண் செலவு. பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் என்றால் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். கையில் டிடிஆர்4 ரெம் இருப்பவர் ஏஎம்4 பலகையை விட்டு வெளியே போக இப்போதைக்கு அவசரப்படத் தேவையில்லை. பி450, பி550 இரண்டும் இன்னும் உழைக்கக்கூடியவை.

மதர்போட் செத்தவர்கள் டவுனுக்குப் புறப்படுமுன் ஒன்று செய்யவேண்டும். கேசிங்கைத் திறந்து, விரிவாக்கத் துளைகளுக்கு நடுவே பலகையில் அச்சிட்டிருக்கும் மாதிரிப் பெயரையும், பல பலகைகளில் அதன் அருகிலோ மூலையிலோ சிறிய எழுத்தில் இருக்கும் 'ரெவிஷன்' எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயருள்ள பலகையில் ரெவிஷன் மாறினால் ஏற்கும் புரொசசர் பட்டியலும் மாறலாம். அந்தப் பட்டியல் தயாரித்த கம்பனியின் தளத்திலேயே இருக்கிறது. புரொசசரின் பெயருக்கு எதிரே எந்த பயோஸ் பதிப்பு முதல் என்றும் அங்கே எழுதியிருக்கும். கடையில் பணம் கொடுக்குமுன் அந்தப் பதிப்பை ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் வொரண்டியும் வாங்குங்கள்.

மிஞ்சிய பணம் ஏதாவது இருந்தால், கூடுதல் விளக்கு எரியும் பலகைக்குக் கொடுக்காமல், வீட்டு வயரிங்குக்கு ஒரு எர்த் கம்பி இறக்கக் கொடுங்கள்.